நிரப்பிய அளவுகள்

எங்கள் அலுவலகத்தில் 'மேல்பக்கத்து சீட்' என்று ஒன்று உண்டு. நீர்வளத் துறையில் யாரும் ஆசைப்பட்டு அதில் போய் உட்கார மாட்டார்கள். எங்கள் ஆறு பக்கத்து நாட்டில் பிறந்து எங்களிடம் வருகிறது. அவர்கள் தினமும் காலையில் தங்கள் பக்கத்து நீர்மட்டங்களை அனுப்புவார்கள். அதை வாங்கி, சரிபார்த்து, எங்கள் அணை அளவுகளை அவர்களுக்கு அனுப்பி, எல்லாவற்றையும் சர்வதேச மையத்துக்கு ஏற்ற வேண்டும். வருகிற மாதங்களில் எந்த ஆற்றில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று அந்த மையம் வண்ண வரைபடம் போடும். வெள்ளம் வந்தால் திட்டு மேல்பக்கத்து சீட்டுக்கு. வராவிட்டால் பாராட்டு முன்னறிவிப்புப் பிரிவுக்கு. அந்த சீட்டை நான் கெஞ்சி வாங்கினேன்.

கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மேலே இருந்து வரும் அளவுகளில் ஒன்றை அனுப்பியது என் அக்கா.

எல்லைப் பாலம் திறந்திருந்த காலத்தில் அக்காவை அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்தோம். அப்பா அந்தப் பாலத்தைத் தாண்டிப் போகும் பஸ்ஸில்தான் கண்டக்டர். மகளைப் பார்க்க வேண்டும் என்றால் டிக்கெட் கிழித்துக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டு, டிக்கெட் கிழித்துக்கொண்டே திரும்பி வருவார். அத்தான் அங்கே ஆற்றோரத்தில் நீர்மட்டம் அளக்கும் வேலையில் இருந்தார். குழந்தை இல்லை. ஒருநாள் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இரக்கப்பட்டு அந்த வேலையை அக்காவுக்கே கொடுத்தார்கள். வந்துவிடு என்று கூப்பிட்டோம். "வேலைய விட்டுட்டு வந்து உன் தலையில உக்காரவா? போடி" என்று சொல்லி, அங்கேயே 'முதல் வளைவு' என்ற அளவு நிலையத்து வீட்டில் தனியாக இருந்துவிட்டாள்.

அதற்கப்புறம் இரண்டு அரசாங்கங்களும் முட்டிக்கொண்டன. எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள், வாயில் நல்ல வார்த்தை வராது. பாலத்தை மூடினார்கள். தபாலை நிறுத்தினார்கள். போனை நிறுத்தினார்கள். அந்தப் பக்கத்தில் சொந்தமோ பேச்சுவார்த்தையோ வைத்துக்கொள்ளும் அரசு ஊழியருக்கு வேலை போகும் என்று சுற்றறிக்கை போட்டார்கள். அங்கேயும் அதே சட்டமாம், வரிக்கு வரி. இதில் மட்டும் இரண்டு பேருக்கும் எப்படித்தான் ஒத்துப்போனதோ! ஆனால் ஆற்று அளவுகளை மட்டும் அவர்களால் நிறுத்த முடியவில்லை. வெள்ளம் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு வருவதில்லையே. ஒப்பந்தம் பழையது, தேவை இருவருக்கும் இருந்தது. அதனால் தினமும் காலையில் அந்த வரிகள் மட்டும் வந்துகொண்டிருந்தன.

அக்காவின் அளவை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். ஆற்றங்கரையில் நட்டுவைத்த பலகையில் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று கண்ணால் பார்த்து எழுதுவதுதான் அந்த வேலை. அலை அடித்துக்கொண்டே இருக்கும். அதனால் அளப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் கடைசி எண்ணை ஐந்து, பூஜ்யம் என்று முடித்துவிடுவார்கள். நான்கு மீட்டர் முப்பத்தைந்து. நான்கு மீட்டர் நாற்பது. அக்கா அப்படி எழுத மாட்டாள். அலை அடங்கும்வரை நிற்பாள். முப்பத்தேழு என்றால் முப்பத்தேழுதான். அவள் லீவு போட்ட நாட்களில் வேறு ஆள் வந்து அளந்தால், வரியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். எல்லாம் ஐந்தும் பூஜ்யமுமாக இருக்கும். "இன்னைக்கு உடம்பு முடியல போல" என்று அன்று முழுவதும் வேலை ஓடாது. மறுநாள் மறுபடி ஏழோ மூன்றோ வந்துவிட்டால் போதும், ஆபீஸில் எல்லோருக்கும் நான் டீ சொல்வேன். என்ன விசேஷம் என்பார்கள். சும்மா என்பேன்.

வீட்டுக்கு வந்தால் அப்பா காத்துக்கொண்டிருப்பார். அம்மா போனபிறகு நாங்கள் இரண்டு பேர்தான். தட்டு போட்டதும் கேட்பார்.

"என்னடி, அக்கா என்ன சொன்னா?"

"நாலு மீட்டர் பதிமூணு."

"நேத்து பதினொண்ணு."

"ஆமா."

"ரெண்டு ஏறியிருக்கு. அங்க மழை போல" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பிப்பார். அந்த எண்ணைக் கேட்காமல் தட்டில் கை வைக்க மாட்டார். மறந்துவிட்டேன் என்று ஒருநாள் விளையாட்டுக்குச் சொன்னதற்கு, சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார் மனுஷர்.

எங்கள் இயக்குநருக்கு 'முழுமை சார்' என்று பெயர் வைத்திருந்தோம். மனிதருக்கு முழுமை என்றால் பைத்தியம். எத்தனை நாள் விடுபடாமல் அளவு அனுப்பினீர்கள் என்று பார்த்து மையம் ஒவ்வொரு நாட்டுக்கும் மதிப்பெண் போடும். விடுமுறை நாளில் ஒருவன் அளக்கவில்லை, புயலில் ஒரு பலகை போய்விட்டது என்று நடுநடுவே ஓட்டை விழும். ஓட்டை அதிகமானால் வரைபடத்தில் நம் ஆறு சாம்பல் நிறமாகிவிடும். தகவல் இல்லை என்று அர்த்தம். முழுமை சாருக்கு அந்தச் சாம்பல் நிறம் கண்ணில் பட்டால் ரத்தக்கொதிப்பு ஏறும். அவர் அலைந்து திரிந்து இரண்டு நாட்டையும் ஒரு புது விதிக்கு ஒப்புக்கொள்ள வைத்தார். விடுபட்ட நாளின் அளவை, மேலும் கீழும் உள்ள நிலையங்களைப் பார்த்து கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு நிரப்பிவிடும். அந்தந்த நாடு நிரப்பி அனுப்பினால் போதும், எது நிரப்பியது என்று குறிக்கக்கூட வேண்டாம். எங்கள் வரைபடம் பளிச்சென்று பச்சையானது. சாருக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. எல்லோரும் கை தட்டினோம். அக்கா நிலையத்தில் ஓட்டையே விழாது என்பதால் எனக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை.

அந்த மழைக்காலம் முழுவதும் அக்காவின் வரி தவறாமல் வந்தது. ஏழு, மூன்று, எட்டு, ஒன்று. ஐந்தும் பூஜ்யமும் எப்போதாவது ஒன்று வந்ததோடு சரி. ஒருநாள்கூட லீவு போடவில்லையே, உடம்பு இரும்பாட்டம் இருக்கிறது என்று நானும் அப்பாவும் பெருமையடித்துக்கொண்டோம்.

மழை ஓய்ந்ததும் கூட்டுக் கூட்டம் என்று அறிவிப்பு வந்தது. பாலம் மூடியபிறகு முதல்தடவையாக மேல்பக்கத்துக்காரர்கள் எங்கள் ஆபீஸுக்கு வருகிறார்கள். சிறப்பு அனுமதி. மையத்திலிருந்தும் ஒருவர் வருகிறார். அப்பாவிடம் சொன்னதும் குளிக்கப் போனவர் துண்டோடு திரும்பி வந்தார்.

"அவள எப்படி இருக்கான்னு கேளு."

"கேக்கறேன்."

"சாப்பிடறாளான்னு கேளு. ராத்திரியில தனியா இருக்காளே, பக்கத்துல யாராவது மனுஷங்க இருக்காங்களான்னு கேளு. சேத்துல இறங்கறப்போ செருப்பு போட்டுக்கறாளான்னு..."

"அப்பா! அவ தங்கச்சின்னே நான் சொல்லக் கூடாது. சொன்னா சீட்டும் போகும், வேலையும் போகும். இதுல செருப்பப் பத்தி நான் எப்படிக் கேப்பேன்?"

"ஊர் வாய மூடற வாயாடி நீ. உனக்குக் கேக்கத் தெரியாதா?" என்றார். அது எனக்குப் பாராட்டா திட்டா தெரியவில்லை. தன் சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஏதோ அவரே கூட்டத்துக்குப் போவதுபோல என் பையையும் துடைத்துவைத்தார்.

கூட்டம் இரண்டாம் மாடியில். தண்ணீர் பாட்டில்களும் சின்னக் கொடிகளும் வரிசையாக. மேல்பக்கத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் அந்தப் பகுதி நிலையங்களைப் பார்த்துக்கொள்ளும் இன்ஜினியர் அம்மா. என் வயதுதான் இருக்கும், மெல்லிய குரல். அவர் பேச்சு அக்காவின் பேச்சைப் போலவே இருந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் போனதும் அக்காவுக்கு ஒட்டிக்கொண்ட அதே இழுப்பு. எனக்கு ஆசை தாங்கவில்லை. முழுமை சார் பேசியது ஒன்றும் காதில் ஏறவில்லை. எப்போதடா டீ வரும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீ வந்தது. ஜன்னலோரமாக நின்ற இன்ஜினியர் அம்மாவிடம் பிஸ்கட் தட்டை நீட்டினேன்.

"உங்க பக்கத்து அளவுல முதல் வளைவு நிலையம் இருக்கே, அதுதாங்க எங்களுக்குப் பிடிச்சது. அவ்வளவு சுத்தமா வரும். அங்க அளக்கறவங்க நல்லா இருக்காங்களா?"

எவ்வளவு சாமர்த்தியமாகக் கேட்டுவிட்டேன் என்று எனக்கே ஒரு சிரிப்பு வந்தது.

அவர் டீயைக் கீழே வைத்தார். "அங்க இப்ப ஆள் இல்லைங்களே" என்றார்.

"மாத்திட்டாங்களா?"

"இல்லைங்க. அந்தம்மா இறந்துட்டாங்க. மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே. புது ஆள் போடச் சொல்லி எழுதிக்கிட்டே இருக்கோம், மேலிடத்துல அசையவே மாட்டேங்கறாங்க."

"இல்லையே" என்றேன். "தினம் வருதே. நேத்துகூட வந்துச்சே."

"அது கம்ப்யூட்டர் நிரப்பறதுங்க" என்றார். "நல்லா நிரப்புது, இல்ல?"

கம்ப்யூட்டருக்கு ஐந்திலும் பூஜ்யத்திலும் முடிக்கும் சோம்பல் கிடையாது. கணக்கில் வந்ததை வந்தபடி போடும். வேறு ஆள் அளந்திருந்தால் எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். ஐயோ, அது அக்காவைப் போலவே எழுதிவிட்டதே! இருந்த ஒரே ஓட்டையையும் அடைத்துவிட்டார்களே பாவிகள்! தட்டில் இருந்த பிஸ்கட்டுகள் தரையில் கிடந்தன. குனிந்து பொறுக்கினேன். அழக் கூடாது, அழக் கூடாது என்று ஒவ்வொரு பிஸ்கட்டாகப் பொறுக்கினேன். என்ன ஆச்சு என்று அவர் கேட்டார். தலை சுற்றல் என்றேன்.

கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். மழைக்காலம் முழுவதும் என் அக்கா இல்லை. நான் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். முகத்தைக் கழுவிக்கொண்டு போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். வேறு என்ன செய்வது?

மதியம் எடுத்துக்கொண்ட விஷயம் இதுதான்: நிரப்பிய அளவுகளும் கண்ணால் பார்த்த அளவுகளும் ஒன்றாகவே கருதப்படும் என்று இருநாடும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இரண்டு நாட்டுக்கும் முழு மதிப்பெண். முழுமை சார் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு, "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்றார். அதை வாசித்துப் பார்த்துவிட்டு முதலில் சுருக்கொப்பம் இட வேண்டியவள் நான்.

"எனக்குச் சம்மதம் இல்லைங்க சார்."

என்னைப் பார்த்தார். "என்னம்மா?"

"முதல் வளைவு நிலையத்துல மழைக்கு முன்னாடியிலிருந்து யாரும் அளக்கல. அந்த நாளெல்லாம் காலியா இருக்கட்டும்."

மையத்துக்காரர் நிமிர்ந்தார். மேல்பக்கத்துக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவ்வளவு நாளும் காலின்னா மொத்த ஆறும் சாம்பலாயிடுமேம்மா!" என்றார் முழுமை சார், பல்லைக் கடித்துக்கொண்டு. "அளவு தப்பா ஒண்ணும் இல்லையே. நம்ம அணைக்கு வந்த தண்ணியோட சரியா ஒத்துப்போகுது."

"ஒத்துப்போகட்டும் சார். அதை ஒருத்தரும் பார்க்கல. பார்க்காததைப் பார்த்ததா எழுத மாட்டேன்."

"உங்களுக்கு என்ன வந்துச்சு இன்னைக்கு? அது ஒரு நிலையம். அவ்வளவுதானே?"

"அங்க அளந்தவ என் கூடப் பிறந்தவ சார்!" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது. கதவருகே நின்ற டீக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். "என் அக்கா. அவ செத்தது எனக்கு இப்பத்தான் தெரியும். டீ குடிக்கறப்போதான் தெரிஞ்சது. அவ செத்துப்போனதுக்கு அப்புறமும் அவ எழுதற மாதிரி எழுதிக்கிட்டிருக்கீங்க எல்லாரும். ஒருநாள், ஒரே ஒருநாள் காலியா விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

முழுமை சாரின் முகம் வெளுத்துவிட்டது. நான் சொன்னதன் பொருள் அவருக்குத் தெரியும்: அந்தப் பக்கத்துச் சொந்தத்தை மறைத்துவைத்திருந்த ஊழியர் நான். மையத்துக்காரர் கையெழுத்துத் தாளைத் தன் பக்கம் இழுத்து, மெதுவாக மூடிவைத்தார். அந்த நாட்களைக் காலியாகவே விட்டுவிடலாம் என்று அவர்தான் சொன்னார். ஒருவரும் மறுக்கவில்லை.

கிளம்பும்போது இன்ஜினியர் அம்மா மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "காய்ச்சலோட இறங்கி அளந்திருக்காங்க. அனுப்பிட்டு மயங்கிட்டாங்க. ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் இருந்தாங்க. ஆபீஸ்காரங்க நாங்கதான் எல்லாம் செஞ்சோம். சொந்தக்காரங்க யாருன்னு கேட்டோம், யாரும் இல்லைன்னுட்டாங்க."

"என் வேலை போயிடும்னு சொல்லியிருப்பா" என்றேன்.

"உங்களத்தான் நினைச்சிருக்காங்க போலிருக்கு. தினம் அளவை அனுப்பினதும் கண்ட்ரோல் ரூமுக்கு போன் போட்டு, 'கீழ போய்ச் சேர்ந்துச்சா?'ன்னு கேப்பாங்க. வேற எந்த நிலையத்துலயும் யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்க. எங்க பசங்க கிண்டல்கூடப் பண்ணுவாங்க. சேர்ந்துச்சுன்னு சொன்னாத்தான் போன வைப்பாங்க."

சேர்ந்தது அக்கா, தினமும் சேர்ந்தது என்று அந்தப் படியில் உட்கார்ந்து அழுதேன். இனி யாரிடம் மறைக்க வேண்டும்? முழுமை சார் ஒரு மாடி மேலே நின்றுகொண்டு இறங்குவதா வேண்டாமா என்று தவித்தார். கடைசியில் இறங்கி வந்து, நாளைக்கு எழுத்துமூலம் விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கும் என்றும், இப்போது வீட்டுக்குப் போங்கள், வண்டி சொல்லியிருக்கிறேன் என்றும் சேர்த்தே சொன்னார். நல்ல மனிதர்தான். திட்டுவதற்குக்கூட எனக்கு அன்று ஆள் கிடைக்கவில்லை.

வீட்டில் அப்பா வாசல் விளக்கைப் போட்டுவைத்திருந்தார். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"பார்த்தியா? கேட்டியா? என்ன சொன்னாங்க?"

உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்கார வைத்தேன். வண்டியில் வரும்போது எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன்.

"அக்கா இல்லப்பா" என்றேன். "போயிட்டாப்பா."

அவர் சிரித்த முகத்தோடேயே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எங்க மாத்திட்டாங்க?" என்றார்.

"மாத்தலப்பா. காய்ச்சல்ல செத்துப் போயிட்டா. மழைக்கு முன்னாடியே."

"ஏன்டி உளர்ற? நேத்து மூணு மீட்டர் அறுபத்தெட்டுன்னு சொன்னியே."

"அது அவ இல்லப்பா. கம்ப்யூட்டர் போட்டது. ஆள் இல்லாத இடத்துல அதுவா கணக்குப் போட்டு எழுதிடும். எனக்குத் தெரியாதுப்பா. சத்தியமாத் தெரியாது."

அப்பா அழுவார் என்று பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தேன். அவர் அழவில்லை. விரலை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரிய மழை பிடிச்ச அன்னைக்கு," என்றார், "ஏழு மீட்டர் தாண்டிடுச்சுன்னு வந்து சொன்னியே. அதுவுமா?"

"அதுவும்தான்ப்பா."

"பலகையே முழுகற தண்ணியில இறங்கி நின்னு பார்த்திருக்கா பாரு, என் பொண்ணு யாருன்னு நெனச்சீங்கன்னு பக்கத்து வீட்டுல எல்லாம் போய்ச் சொன்னேனே. அன்னைக்கு அவ இல்லையா?"

"இல்லப்பா."

"அன்னைக்கு நான் சிரிச்சேனேடி" என்றார் அப்பா. "ராத்திரி முழுக்க நெனச்சு நெனச்சுச் சிரிச்சேனேடி."